புறாவின் பசியும் தொழிலாளியின் புத்தியும்



ஆலை வாசல் டீக்கடையில் ஒரு தோழர் என்னை மடக்கினார்: "மனிதனை உருவாக்குவது சூழ்நிலைதான் என்று மேடையில் முழங்குகிறீர்கள். அப்படியானால் வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போகிற கருங்காலியை மட்டும் ஏன் ஏசுகிறீர்கள்? அவனையும் சூழ்நிலைதானே உள்ளே தள்ளுகிறது?"

கேள்வி லேசானதல்ல. மனோதத்துவ அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக மோதிக்கொள்ளும் கேள்வி இதுதான். மனம் சுயேச்சையானது, எதையும் அது நினைத்தால் தேர்ந்தெடுக்கும் என்பது ஒரு சாரார் வாதம். உள்ளே உட்கார்ந்து உத்தரவு போடும் எஜமானன் எவனும் இல்லை, வெளிக் காரணங்களே மனிதனை ஆட்டுகின்றன என்பது மறு சாரார் வாதம்.

முதல் சாராரின் உபதேசம் நமக்குப் பழகிப்போனது. "ஏழை ஏன் ஏழை? சேமிக்க மாட்டான், யோசிக்க மாட்டான், நகையை அடகு வைப்பான். மனவுறுதி கிடையாது!" மின்விசிறிக்கு அடியில் சாய்ந்துகொண்டு பண்ணையார் பேசும் பேச்சு இது. இதற்குப் பதில் நமது விழுப்புரம், திருவண்ணாமலைக் கரும்புக் கொல்லைகளிலேயே கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நான்கு ஆராய்ச்சியாளர்கள் அங்கே 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் ஒரு சோதனை. அறுவடைப் பணம் கைக்கு வந்தபின் ஒரு சோதனை. கையில் காசில்லாத நாளில் புதிர்களில் தடுமாறிய அதே ஆள், காசு வந்தபின் நன்றாகச் செய்தான். பரம்பரை மாறிவிட்டதா? படிப்பு ஏறிவிட்டதா? ஒன்றுமில்லை. கடன் கவலை அவன் புத்தியில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது, அது விலகியது. சொந்தக் கரும்பு உள்ளவனுக்கே இந்தக் கதி என்றால் அன்றாடக் கூலியின் நிலை என்ன? மனவுறுதிப் பிரசங்கிகள் பதில் சொல்லட்டும்!

சரி, மறு சாரார் நம் பக்கமா? அவசரப்படாதீர்கள்.

அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஸ்கின்னர் இந்தக் கட்சியின் தலைவராக விளங்கினார். சுயேச்சை மனிதன் என்பதே கட்டுக்கதை, மனித நடத்தையை விஞ்ஞான முறையில் வடிவமைக்க வேண்டும் என்று 1971-ல் புத்தகமே போட்டார். அவர் 1948-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையைக் கேளுங்கள். 8 புறாக்கள். தனித்தனிப் பெட்டி. புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கொருமுறை தீனி வரும். தீனி வந்தபோது தற்செயலாக என்ன செய்ததோ, அதையே புறா திரும்பத் திரும்பச் செய்தது. ஒன்று வட்டமடித்தது, ஒன்று தலையை மூலையில் நீட்டி நீட்டி இழுத்தது. 8-ல் 6 இப்படி ஆயின. தங்கள் ஆட்டத்தால்தான் தீனி வருகிறது என்று நம்பியவை போல!

புறா செய்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் பரிசோதனையின் முதல் வேலை என்ன தெரியுமா? புறாவைப் பட்டினி போட்டு, அதன் எடையை 75 சதவீதத்துக்குக் குறைப்பது! அதைப் பட்டினி போட்டது யார்? பெட்டியின் சாவி யார் கையில்?

இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்ற ஏற்பாட்டை ஆலைகளின் பீஸ் ரேட்டோடு அவரே ஒப்பிட்டிருக்கிறார். தறிக்காரனுக்கு இதை விளக்கப் புறா எதற்கு? அவன் முதுகெலும்பு சொல்லும்.

கட்டுப்படுத்தப்படுகிறவன் திருப்பிக் கட்டுப்படுத்தலாம் என்று ஸ்கின்னரும் எழுதத்தான் செய்தார்; நியாயத்துக்காக இதைச் சொல்லவேண்டும். ஆனால் தனிப் பெட்டியில் அடைபட்ட புறாவுக்கு அது எப்படி? எட்டுப் புறாவும் கூடிப் பேசித் தீனியை மறுக்க முடியாது. மனிதன் மறுக்கிறான். பசியோடு, கூலியை உதறிவிட்டு ஆலை வாசலில் நிற்கிறானே, அவன் காரணங்களுக்கு அப்பாற்பட்டவனா? இல்லை. அவனை நிறுத்துவதும் காரணங்களே: பக்கத்தில் நிற்கும் தோழன், வெட்டப்பட்ட போனஸ், சங்கக் கூட்டத்தில் கேட்ட பேச்சு. பேச்சும் ஒரு காரணம்! யோசனையும் ஒரு காரணம்! நாம் எதனால் ஆட்டப்படுகிறோம் என்று தெரிந்துகொண்டால், அந்தத் தெளிவே புதிய காரணமாகிவிடுகிறது. பெட்டிக்குள் ஆளை வைத்து அளப்பவர்கள் கோட்டை விடுகிற இடம் இது.

இனி டீக்கடைத் தோழருக்கு வருகிறேன். கருங்காலி உள்ளே போவதற்குக் காரணம் உண்டு. அடுப்பு எரியவில்லை; கடன்காரன் திண்ணையை விட்டு எழவில்லை. அவனும் எடை குறைக்கப்பட்டவன்தான். எடுத்த எடுப்பில் அவனை ஏசினால், பண்ணையாரின் மனவுறுதிப் பேச்சைத்தான் நாமும் பேசுகிறோம். முதலில் வேலைநிறுத்த நிதியிலிருந்து அரிசி அவன் வீட்டுக்குப் போகட்டும். இரண்டு பேர் போய் உட்கார்ந்து எடுத்துச் சொல்லட்டும்; ஒரு முறையல்ல, மூன்று முறை. அரிசியும் வாங்கிக்கொண்டு, நியாயத்தையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் பின்வாசல் வழியே நுழைகிறானா? அப்போது ஏசுங்கள், தோழரே, நானும் கூட வருகிறேன். அரிசி கொண்டுபோகாமல் ஏசக் கிளம்பினால் என்னைக் கூப்பிடாதீர்கள்.