தே சர்க்காரைத் தூக்கிப் போடாதீர்கள்

இந்த வாரம் எரிச்சல் மூட்டியது ஒரு வாக்குறுதி. கொல்கத்தாவின் சுவர்களிலும் விளக்குக் கம்பங்களிலும் ஒட்டியிருக்கும் அதே பழைய வாக்குறுதிதான்: முப்பது நாள் வகுப்புக்கு வந்தால் உயர்நிலை ஆங்கிலத் தேர்வில் வெற்றி நிச்சயம். கேம்பிரிட்ஜின் சி1 அட்வான்ஸ்டு போன்ற தேர்வு முப்பது நாளில் வசப்படாது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, கூடவே ஒரு சொல்லையும் கொடுத்து, அந்தச் சொல்லை மாற்றாமல் மூன்று முதல் ஆறு சொற்களால் இன்னொரு வாக்கியத்தின் இடைவெளியை நிரப்பி அதே பொருளை வேறு விதமாகச் சொல்லச் சொல்கிறார்கள். குறிப்பேட்டை உருப்போட்டு இதைச் செய்ய முடியாது. வகுப்புக்குப் பணம் இல்லாமலோ நேரம் இல்லாமலோ வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையும் விளம்பரத்தைவிட மேலானதாக இல்லை: மாதிரி வினாத்தாள் போடு, ஆங்கிலத்திலேயே யோசி, தாய்மொழியை மற. இந்த மூன்றாவது அறிவுரையை விட்டுவிட்டு மேலே போக முடியவில்லை. இதே எண்ணத்தில் மொழிபெயர்ப்பைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டியது பற்றி இந்தப் பத்தியில் பலமுறை எழுதியாயிற்று. பழைய வாசகர்கள் இன்னொரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் இன்றும் விற்கிறது பி.கே. தே சர்க்காரின் ஆங்கில இலக்கண நூல். நமக்கு ரென் அண்ட் மார்ட்டின் எப்படியோ, வங்காளிகளுக்கு அது அப்படி. ஆனால் ரென் அண்ட் மார்ட்டினில் இல்லாத ஒன்று அதில் உண்டு: வங்காளியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் பயிற்சி. மாணவன் தன் வீட்டுப் பேச்சை எடுத்து ஆங்கிலத்தில் வைத்துப் பார்க்கிறான். எங்கே இடிக்கிறது என்று அவனே காண்கிறான். 1980களில் மேற்கு வங்க அரசு தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நிறுத்தியது. மேல்வகுப்புப் பாடநூலிலும் இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒதுக்கி உரையாடல் முறையைக் கொண்டுவந்தது. 1999இல் மூன்றாம் வகுப்புக்கும் 2004இல் முதல் வகுப்புக்கும் ஆங்கிலம் திரும்பியது. மொழிபெயர்ப்புக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. இழப்பு அங்கேதான் என்பது என் துணிபு. வங்க அறிஞர் ஈஸ்வரசந்திர வித்யாசாகரை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் 1841இல் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆங்கிலத்தை முறையாகக் கற்றார். அப்போது அவருக்கு வயது 21. அதற்குள் சமஸ்கிருதத்தில் கரை கண்டிருந்தார். 1869இல் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றை ‘பிராந்திவிலாஸ்’ என்று வங்காளி உரைநடையாக்கினார். தாய்மொழியை மறந்தவர் செய்கிற வேலையா அது?

தனியாகப் படிப்பவரின் உண்மையான குறை புத்தகமோ ஒலிப்பதிவோ இல்லாதது அல்ல. திருத்த ஆள் இல்லாதது. இதற்கு இங்கிலாந்திலேயே பழைய மருந்து உண்டு. 1570இல் வெளியான நூலில் ரோஜர் ஆஸ்கம் என்ற ஆசிரியர் லத்தீன் கற்பவர்களுக்குச் சொன்னார்: ஒரு பத்தியை உன் மொழியில் எழுது, சற்றுக் காலம் கழித்து மூலத்தைப் பார்க்காமல் திரும்ப லத்தீனாக்கு, பிறகு இரண்டையும் ஒப்பிடு. மூல ஆசிரியரே திருத்துபவர் ஆகிவிடுகிறார். தமிழர் ஒருவர் ஆங்கிலத் தலையங்கத்தின் ஒரு பத்தியை இப்படிச் செய்தால் முதலில் காணாமல் போவது ‘தி’ என்ற சிறு சொல். தமிழில் அது இல்லை; வங்காளியில் ‘டா’ என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. எந்த இடத்தில் அதை விடுகிறோம் என்பதை நூறு மாதிரித் தாள்கள் இவ்வளவு துல்லியமாகக் காட்டா.

மொழிபெயர்த்துப் படித்தால் தமிழ் வாடை அடிக்கும் என்பார்கள். வங்காளிகள் தண்ணீரைச் சாப்பிடுகிறார்கள், நாம் காபியைச் சாப்பிடுகிறோம். இது ஆங்கிலத்தில் கசியத்தான் செய்யும். ஆனால் மொழிபெயர்ப்பை நிறுத்தினாலும் கசியும், ஏனென்றால் தலைக்குள் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டே இருக்கிறது. தாளில் செய்தால் பிழை கண்ணுக்குத் தெரிகிறது. இது காலாவதியான முறை என்பது இன்னொரு வாதம். 1913இல் கேம்பிரிட்ஜ் தன் முதல் ப்ரொஃபிஷியன்ஸி தேர்வை நடத்தியபோது அதில் மொழிபெயர்ப்புத் தாள்கள் இருந்தன. எழுதியவர் மூன்று பேர், மூவரும் தோற்றார்கள். இன்று அந்தத் தாள்கள் இல்லை, உண்மைதான். ஆனால் சி1, சி2 என்ற அளவுகோலை வகுத்த ஐரோப்பிய கவுன்சிலே 2020இல் வெளியிட்ட துணை நூலில், ஒரு மொழியில் உள்ளதை இன்னொரு மொழியில் சொல்லும் திறனையும் அளவிட வரையறைகள் தந்திருக்கிறது. விரட்டப்பட்டது வேறு பெயரில் திரும்பியிருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: பேச்சுத் தேர்வுக்கு இந்த முறை போதாது. சி1இல் அது சுமார் 15 நிமிடம். பெரும்பாலும் இரண்டு தேர்வர்கள் எதிரெதிரே பேச வேண்டும். அதனால், வீட்டில் தனியாகத் தயாராகும் வாசகர்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்றே ஒரு பத்தியைத் தமிழாக்கி வையுங்கள். நான்கு நாள் கழித்து அதைத் திரும்ப ஆங்கிலமாக்குங்கள். வாரம் இரண்டு மாலை உங்களோடு உட்கார்ந்து பேச, இதே தேர்வு எழுதப்போகும் இன்னொருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.