பெண் என்பதால் கிடைத்த இடம்

மொன்றியலில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை தொலைபேசி எடுத்தால் முதல் பத்து நிமிடமும் குளிரைப் பற்றித்தான் பேசுவாள். சென்ற மாதம் குளிரை விட்டுவிட்டு மகளைப் பற்றி முறையிட்டாள். "அக்கா, இவளுக்கு நீங்களாவது சொல்லுங்கோ. ஐஸ் ஹொக்கி விளையாடப் போறாளாம். அதுவும் கோல் காப்பாளராம். பந்து வந்து முகத்திலை அடிக்கிற இடத்திலைதான் நிக்கப் போறாளாம்!"

அது பந்து இல்லை, இறப்பர் வட்டு என்று பின்னால் நின்ற பெறாமகள் திருத்தியதும் எனக்குக் கேட்டது.

பனிக்கட்டித் தரையில் சறுக்குச் சப்பாத்து அணிந்து ஆடும் இந்த விளையாட்டை நம்மில் பலர் தொலைக்காட்சியில்கூடப் பார்த்திருக்க மாட்டோம். 170 கிராம் நிறையுள்ள அந்தக் கறுப்பு வட்டு, பெரியவர்கள் அடித்தால் மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் அதிகமான வேகத்தில் வருமாம். ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட கோலின் முன் நின்று அதைத் தன் உடம்பால் மறிப்பவர்தான் கோல் காப்பாளர். பெறாமகளுக்காக விசாரிக்கப் போன இடத்தில்தான் மனோன் ரேயோம் என்ற பெண்ணைப் பற்றி அறிந்தேன். அறிந்த நாளிலிருந்து அவர் என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு, சகோதரிகளே. அதைப் பிறகு சொல்கிறேன்.

மனோன் 1972ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தவர். தகப்பனார் ஊரில் பனிச்சறுக்குத் திடலைப் பராமரித்து, பிள்ளைகளுக்கு ஹொக்கியும் பழக்கினார். இரண்டு சகோதரர்களும் வட்டை அடித்துப் பழகுவதற்கு ஒருவர் கோலில் நிற்க வேண்டுமே, சகோதரியை நிறுத்தினார்கள். ஐந்து வயதில் ஒரு போட்டிக்குச் சகோதரர்களின் அணிக்குக் கோல் காப்பாளர் இல்லாமற் போக, "நான் நிற்கிறேன்" என்றார் மனோன். பெண் பிள்ளை என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று தலைக்கவசத்தைப் போட்டபடியேதான் திடலுக்குள் போனாராம்.

பன்னிரண்டு வயதாகும்போது, 1984இல், கியூபெக் நகரில் நடக்கும் பெயர்பெற்ற சர்வதேசச் சிறுவர் போட்டியில் ஆடிய முதற் சிறுமி அவர்தான். வயது ஏற ஏறக் கதவுகள் சாத்தப்பட்டன. திறமை போதாது என்று சொல்லியிருந்தால் பயிற்சி செய்து சரிப்படுத்தலாம். பெண் என்றால் என்னத்தைச் சரிப்படுத்துவது? 1991 நவம்பரில் கியூபெக் கனிஷ்ட பெருந்தொடரில் ஓர் ஆட்டத்தின் நடுவே அவரை இறக்கினார்கள். அந்த மட்டத்தில் ஆடிய முதற் பெண் அவர். பதினேழு நிமிடம் நின்றார். வேகமாக வந்த வட்டு ஒன்று முகமூடியை உடைத்துக் கண்ணுக்கு மேலே வெட்டியது. இரத்தம் வழிய வெளியே வந்தார்.

அடுத்த ஆண்டு பின்லாந்தில் நடைபெற்ற பெண்கள் உலகக் கிண்ணப் போட்டியில் கனடா தங்கம் வென்றது. மூன்று ஆட்டங்களில் மனோன் விட்ட கோல்கள் இரண்டே இரண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் டம்பா பே என்ற புதிய அணி தொடங்கப்பட்டது. வெயில் கொளுத்தும் ஊர். அங்கே பனிக்கட்டி விளையாட்டைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவார்கள்? அணியின் முகாமையாளர் பில் எஸ்பொசிட்டோ தமது பயிற்சி முகாமுக்கு மனோனை அழைத்தார். விளம்பரத்துக்காகவும்தான் என்பதை அவர் ஒளிக்கவில்லை. உலகிலேயே பெரிய ஆண்கள் தொடரான என்.எச்.எல். அணியொன்றின் முகாமுக்கு அதுவரை எந்தப் பெண்ணும் அழைக்கப்பட்டதில்லை. பத்திரிகைகளில் கேலி எழுந்தது. ஆடையின்றிப் படமெடுக்கப் பெருந்தொகை தருவதாக ஒரு சஞ்சிகை கேட்டது. அதை மனோன் மறுத்துவிட்டார். முகாமை மறுக்கவில்லை.

இங்கேதான் என் கதை. பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சங்கமொன்றில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு பெண்ணாவது இருக்க வேண்டுமென்று மேலிடத்திலிருந்து விதி வந்தது. என்னைக் கேட்டார்கள். கணக்கு வழக்கு எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் "விதிக்காகத்தான் ரீச்சர், கையெழுத்துப் போட்டால் போதும்" என்று வந்தவர் சொன்ன சொல் சுட்டது. ரோசத்தோடு மறுத்துவிட்டேன். வேறொரு பெண்ணின் பெயரை எழுதினார்கள். அவர் ஒரு கூட்டத்துக்கும் போகவில்லை. அந்தச் சங்கத்தின் பணம் எப்படிக் கரைந்தது என்பதை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனோன் நினைத்தது வேறு. பெண் என்பதற்காக எத்தனையோ தடவை இல்லை என்றவர்கள், ஒரு தடவை பெண் என்பதற்காகவே வா என்கிறார்கள், நான் ஏன் வேண்டாமென்று சொல்ல வேண்டும் என்று பின்னாளில் அவர் விளக்கியிருக்கிறார். இருபது வயதுப் பிள்ளைக்கு இருந்த தெளிவு எனக்கு அப்போது இருக்கவில்லை.

1992 செப்டெம்பர் 23. சென் லூயிஸ் அணியுடன் ஒரு முன்னோடி ஆட்டம். முதல் இருபது நிமிடப் பகுதிக்கு மனோன் கோலில் நின்றார். ஒன்பது அடிகள் வந்தன. ஏழைத் தடுத்தார், இரண்டு உள்ளே போயின. அவற்றில் ஒன்றை அடித்த பிரெண்டன் ஷனகன் பின்னாளில் புகழ்மிக்க ஆட்டக்காரரானார். மனோன் வெளியே வரும்போது ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் இருந்தது. விளம்பரத்துக்கு அழைத்திருக்கலாம், அந்த ஏழு வட்டுகள் விளம்பரத்துக்காக மெதுவாக வரவில்லையே!

அடுத்த ஆண்டும் ஒரு முன்னோடி ஆட்டத்தில் நின்றார். அதற்கிடையில் 1992 டிசெம்பரில் அற்லான்ராவின் ஆண்கள் தொழில்முறை அணிக்காக உத்தியோகபூர்வ ஆட்டமொன்றில் ஆறு நிமிடத்துக்கும் குறைவாக ஆடினார். அதையும் அதற்கு முன் எந்தப் பெண்ணும் செய்ததில்லை. பின்னர் சிறிய தொடர்களின் அணிகளில் சில வருடங்கள். 1994இல் மீண்டும் உலகத் தங்கம். 1997 உலகக் கிண்ணத்துக்கோ அவரைச் சேர்க்கவில்லை. அவ்வளவு புகழுக்குப் பின் வீட்டிலிருப்பது எப்படி இருந்திருக்கும்! மீண்டும் உழைத்து அணிக்குள் வந்தார். பெண்கள் ஐஸ் ஹொக்கி முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1998 நகானோ இறுதியாட்டத்தில் கனடாவின் கோலில் நின்றார். அமெரிக்கா 3-1 என வென்றது. மூன்றாவது கோல் வெறுங்கோலுக்குள் போனது. கடைசி நேரத்தில் ஒரு தாக்குநரைக் கூட்டுவதற்காகக் கோல் காப்பாளரை வெளியே எடுப்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். மனோனுக்கு வெள்ளிப் பதக்கம்.

பிறகு இரண்டு ஆண் பிள்ளைகளுக்குத் தாயானார். மூத்தவர் டிலனும் கோல் காப்பாளர்தான். 2022இல் என்.எச்.எல். அணியான லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் இளம் வீரர்கள் பற்றிய ஆலோசகராக மனோனைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் 1992, 1993க்குப் பின் என்.எச்.எல். ஆட்டமொன்றில், முன்னோடி ஆட்டத்தில்கூட, வேறொரு பெண் இறங்கியதில்லை.

போன கிழமை தங்கைக்கு நானே தொலைபேசி எடுத்தேன். அவளோடு வாதாடவில்லை. பெறாமகளின் அணியில் வேறு பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். பதினைந்து பேருமே பெண் பிள்ளைகளாம். பயிற்றுநரும் பெண்தானாம்.

"அப்ப முகமூடியை மட்டும் பழசு வாங்காதை, நல்லதாய்ப் புதுசு வாங்கிக் குடு" என்றேன்.

"அது என்ன விலை தெரியுமோ அக்கா?" என்றாள். போட்டியை விட்டுவிட்டு விலைக்கு வந்துவிட்டாள்.