மைல் கணக்கும் மாயக் கணக்கும்

இத்தனை மைல் சேர்த்தால் இன்ன ஊருக்கு இலவசப் பயணச்சீட்டு என்று விமானக் கம்பனிகள் முன்னர் பட்டியல் வெளியிட்டிருந்தன. அதனை டெல்டா 2015 இல் நீக்கிற்று. யுனைட்டட் 2019 இல் பின்தொடர்ந்தது. இப்போது ஒரே ஆசனத்துக்கு இன்றொரு விலை, நாளை வேறொன்று.

சந்தை நிலைவரமாம்! மைலை அச்சிடுபவர் அவர். கடனட்டை வங்கிகளுக்கு அதனை விற்றுக் காசு பார்ப்பவர் அவர். பெறுமதியைக் குறைப்பவரும் அவரே. இதிலே சந்தை எங்கே வந்தது? ஐந்தாறு ஆண்டுகள் சேர்த்தவனின் சேமிப்பு, அவன் உறங்கி எழுவதற்குள் பாதியாகலாம்.

வழக்குத் தொடரலாமே என்பீர்கள். உறுப்புரிமை பறிக்கப்பட்ட ஒரு பயணி, நோர்த்வெஸ்ட் நிறுவனம் நல்லெண்ணத்துடன் நடக்கவில்லை என முறையிட்டார். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 இல் அதனை நிராகரித்தது. விலையை உயர்த்துவதானால் ஓராண்டு முன்னறிவித்தல் கொடுங்கள் என்றாவது சட்டம் இயற்றக்கூடாதா?