ஒலிபெருக்கி வழிபாடும் ஒலியின் உண்மையும்

இரசனை என்னும் சொல் இரு வேறு பொருள்களில் வழங்கி வருகின்றது. பயிற்சியினாலும் ஒப்புநோக்கினாலும் பெறப்படும் பகுத்துணர்வு ஒன்று; ஒரு பெயரைச் சார்ந்து நிற்பதனாற் கிடைக்கும் பெருமிதம் மற்றொன்று. உயர்தர ஒலிச் சாதனங்களை நாடும் அன்பர்களுட் பலர் இரண்டாவதை முதலாவதெனக் கொண்டு மயங்குகின்றனர். தம் செவி கூர்மையானது, ஆதலாற்றான் குறித்தவொரு ஒலிபெருக்கியின்மீது பற்றுக் கொண்டுள்ளோம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் எத்துணை வலுவற்றது என்பதற்கு, அவர்கள் பெரிதும் போற்றும் ஒலிபெருக்கி ஒன்றின் வரலாறே சான்றாகும்.

எல்.எஸ். 3/5ஏ என்பது பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறியியலாளர்கள் 1970களின் முற்பகுதியில் உருவாக்கிய சிற்றொலிபெருக்கி. ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமே கொண்டது. ஒலிப்பதிவுக் கூடங்களின் சிறு மாதிரிகளை வைத்து நடத்திய ஆய்வுகளிலிருந்து இதன் முதல் வடிவம் பிறந்தது. வெளிக்கள ஒளிபரப்பு வாகனங்களில் இடம் போதாது. காதணி கேட்பொறிகளும் எல்லா வேளைகளிலும் பொருந்தா. அந்நெருக்கடிக்கு விடையாக இது அமைந்தது. வடிவமைப்பின் விபரங்களைக் கூட்டுத்தாபனம் 1976ஆம் ஆண்டில் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. உரிமம் பெற்ற றொஜர்ஸ், ஸ்பென்டோர், ஹார்பெத், கெஃப் முதலிய நிறுவனங்கள் இதனைத் தயாரித்தன. பொதுமக்கள் செலுத்திய உரிமக் கட்டணத்தில் வளர்ந்த அறிவின் விளைபொருள் இது என்பது மறக்கத்தக்கதன்று.

இத்தகைய பணிக்கருவி பின்னர் பூசைப்பொருளாயிற்று. 1980களின் பிற்பகுதியில், உற்பத்தியில் தோன்றிய வேறுபாடுகளைச் சீர்செய்யும் பொருட்டு இது திருத்தியமைக்கப்பட்டது. 15 ஓமாக இருந்த மின்தடங்கல் 11 ஓமாகியது. திருத்தம் பெற்றதையே அன்பர்கள் விரும்பியிருத்தல் வேண்டும் அன்றோ? ஆயின் சேகரிப்போர் பலர் பழைய 15 ஓம் பெட்டிகளையே தேடி அலைகின்றனர். பெயர்த்தகடு, தொடரிலக்கம், உற்பத்தியாளர் என்பவற்றுக்கேற்ப விலை ஏறி இறங்குகின்றது. இன்று புதிதாகச் செய்யப்படுவனவும் சோடி ஈராயிரம் பவுணுக்கு மேல் விலைபோகின்றன. அருமைப்பாடே இங்கு விலையாகின்றது. அவ்விலையே பின்னர் தரத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. இஃது ஒரு வட்டவாதம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செவி தனித்து நின்று தீர்ப்பு வழங்குகின்றதா என்ற வினாவுக்குப் பரிசோதனை விடை தந்துள்ளது. புளொயிட் ரூல், ஷோன் ஒலிவ் ஆகிய இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேர் நான்கு ஒலிபெருக்கிகளை மதிப்பிட்டனர். ஒருமுறை அவை திரைக்குப் பின்னால் இருந்தன; மறுமுறை கண்முன் இருந்தன. கண்ணாற் கண்டபோது மதிப்பீடுகள் மாறின. திரைமறைவில் ஏனையவற்றோடு ஈடுகொடுத்த சிறியதும் மலிவானதுமான தொகுதி, பார்வைக்கு வந்தவுடன் மதிப்பிழந்தது. அனுபவமுள்ளோரும் இம்மயக்கத்துக்கு விலக்காகவில்லை. பங்கேற்றோர் ஒலிபெருக்கி உற்பத்தி நிறுவனமொன்றின் ஊழியர்களே என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. தொழில் அறிந்தோர் நிலை இதுவாயின், விலை கொடுத்து வாங்கியவர் தம் உடைமைபற்றிக் கூறும் சாட்சியம் எத்துணை நடுநிலையானதாக இருக்கும்?

இவ்வொலிபெருக்கி மனிதக் குரலை இயல்பாக ஒலிக்கின்றது, ஆகவே பற்றுக்குக் காரணமுண்டு எனச் சிலர் கூறுவர். அவர் கூற்றில் உண்மையுண்டு. எனினும் அவ்வியல்பு எவ்வாறு வாய்த்தது? கூடத்தில் ஒருவர் பேச, அவரது நேர்க்குரலையும் ஒலிபெருக்கி வழிவரும் குரலையும் மாறிமாறிக் கேட்டு ஒப்பிடும் முறையைக் கூட்டுத்தாபனத்தார் கையாண்டனர். அவர்களுக்கு உரைகல் உயிருள்ள குரல். அன்பர்களுக்கோ ஒலிபெருக்கியே உரைகல்லாகிவிட்டது. அதன் குறைகளும் குணங்களாக ஓதப்படுகின்றன. ஆழ்ந்த தாழ் மீடிறன்களை அச்சிறு பெட்டி தரவல்லதன்று; 100 ஹேர்ட்சுக்குச் சற்று மேலே ஒலி சிறிது மிகுந்திருப்பதே அக்குறையை ஓரளவு மறைக்கின்றது. வாகனத்தில் குரலைக் கண்காணிக்க இது போதும். முழு வாத்தியக் குழுவின் இசைக்கும் இதுவே முடிந்த முடிபு எனல், ஆக்கியோரே கோராத பெருமையை அதன்மேல் ஏற்றுவதாகும்.

இவ்வழிபாடு தனிமனிதரின் தீங்கற்ற பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் தகாது. பெரும் பொருள் செலவிடாதவன் இசையைச் சரிவரக் கேட்கவில்லை என்னும் எண்ணத்தை இது விதைக்கின்றது. வசதி குறைந்த கேட்போனின் செவி இழிவுபடுத்தப்படுகின்றது. பொதுநிறுவனம் ஈட்டிய அறிவு சிலரது தனிச் சின்னமாகின்றது. அளவீடும் திரைமறைவுச் சோதனையும் இசையுணர்வுக்குப் பகையல்ல. பணத்துக்கும் பெயருக்கும் அடிமைப்பட்ட செவியை மீட்பவை அவையே. தகட்டைப் பார்த்துத் தலைவணங்குவோர், அதனை ஆக்கிய பொறியியலாளரைப்போல ஒருமுறையேனும் உயிர்க்குரலை உரைகல்லாகக் கொள்வாராயின், அதுவே அவ்வொலிபெருக்கிக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.