ஒரே உலையில் வெந்த பாட்டு

தியானப் பகுதி: 1 நாளாகமம் 9:33, 25:1–8



நாளாகமத்தின் 25ஆம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று எண்ணித் தாண்டிச் செல்வோர் பலர். அப்பட்டியலின் நடுவே ஓர் எண் நிற்கிறது: 288. ஆலயப் பணிக்கெனப் பாட்டில் தேர்ச்சி பெற்றவர்களின் தொகை அது. ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் கீழ் அவர்கள் பழகினார்கள். முறைவரிசைக்குச் சீட்டுப் போட்டபோது ஆசிரியர், மாணவர் என்ற வேற்றுமை பார்க்கப்படவில்லை. அதே நூலின் 9ஆம் அதிகாரம் இன்னொன்றையும் சொல்கிறது. பாடகர் ஆலயத்தின் அறைகளிலேயே தங்கினார்கள். மற்ற வேலைகளினின்று விடுவிக்கப்பட்டிருந்தார்கள். பாடும் வரம் தேவனுடையது. அந்த வரம் வளர்வதற்கு அறையும் ஓய்ந்த நேரமும் ஆசானும் தேவை என்று கண்டு ஏற்பாடு செய்தது அன்றைய சபை.

நமது சபைகளும் அதைச் செய்ய வேண்டும் என்பதே இவ்வாரம் நான் உங்கள் முன் வைக்கும் கருத்து. புதிதாக இசையமைக்கும் நம் வாலிபருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாளாவது தங்கிப் பயிலும் முகாம் ஒன்றைத் திருச்சபை நடத்த வேண்டும்.

இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரை நம் தெருக்களில் மெட்டமைக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு இல்லாதது இடம். இரவுப்பணி முடித்து வந்த தகப்பனார் உறங்கும் ஒற்றை அறையில் ஆர்மோனியத்தைத் திறக்க முடியாது. வெளியே கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். ஆகவே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஆயத்தமாகக் கிடைக்கும் தாளத்தின்மேல் தனியே மெட்டுக் கட்டுகிறார்கள். பாட்டு இணையத்தில் ஏறுகிறது. சிலர் பாராட்டுகிறார்கள், பலர் கேளாமலே கடந்து போகிறார்கள். சரணத்தில் சொல் எங்கே தாளத்தோடு முட்டுகிறது, பல்லவி ஏன் நெஞ்சில் தங்கவில்லை என்று அருகில் அமர்ந்து சொல்ல ஒருவரும் இல்லை.

தங்கிப் பயிலும்போது இது மாறுகிறது. காலையில் எழுதிய நான்கு வரியை மாலையில் வேறொருவர் பாடிக் காட்டுவார். எழுதியவருக்கு எளிதாய்த் தோன்றிய இடத்தில் பாடுபவருக்கு மூச்சு முட்டும். அங்கே திருத்தம் பிறக்கும். கிதார் வாசிப்பவர் சட்டி அடிப்பவரிடம் தாளம் கேட்பார். சட்டி அடிப்பவர் சுரம் கேட்பார். இரவு உணவுக்குப்பின் நடக்கும் வாக்குவாதத்தில் பாட்டின் பாதி தீர்மானமாகிவிடும். கேள்வியும் பதிலும் ஒரே நாளில், ஒரே கூரையின்கீழ் நடப்பதே இதன் பயன். ஒரு மணிநேர வகுப்பிலோ காணொளியிலோ இது கிடைப்பதில்லை.

நம் கீர்த்தனை மரபின் தொடக்கத்திலும் இப்படி ஒரு வீடு உண்டு. 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியாரைச் சிறுவனாகவே தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று, தம்மிடத்தில் வைத்துப் படிப்பித்தவர் சுவார்ட்ஸ் ஐயர். அப்பிள்ளை வளர்ந்து, மக்கள் அறிந்த குறவஞ்சி வடிவத்தில் பெத்லகேமைப் பாடினார். இன்று பழைமை என்று நாம் போற்றுவது அன்று புதுமையாய் இருந்தது.

நம் காலத்தில் அந்தப் பணியை மேற்கொண்டவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு ஐயர். ‘பரட்டை’ என்ற பெயரில் எழுதியவர், மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர், 2005இல் மறைந்தார். தாழ்வாக எண்ணப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டின் நடுவே கொண்டுவந்தார். ஏட்டைப் பார்த்து மட்டுமே பாடக்கூடிய பாட்டு எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு எட்டாது. மக்கள் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிப் பாட இடம் தரும் பாட்டே அவர்களுடைய பாட்டாகும் என்பது அவர் கொள்கை. எல்லாரும் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணும் குடும்பத்தைத் தேவராஜ்யத்தின் சாயலாக அவர் கண்டார். அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் வழியாக அப்பாடல்கள் கிராமம் கிராமமாய்ச் சென்றன. கூடி வாழ்வதற்கும் பாட்டுப் பிறப்பதற்கும் உள்ள உறவை அவரிடத்தில் நாம் கற்கலாம்.

வசதியுள்ளோருக்கே இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரம் 1944 செப்டம்பரில் குண்டுவீச்சால் தரைமட்டமானது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், நகரின் விளிம்பிலிருந்த ஒரு பழைய மாளிகையில் இளம் இசையமைப்பாளருக்கான கோடைக்காலப் பயிற்சியைத் தொடங்கினார்கள். ஹிட்லர் ஆட்சி ஒதுக்கிவைத்த நவீன இசையை அப்பிள்ளைகள் அங்கே கேட்டார்கள். அந்தப் பயிற்சி இன்றும் தொடர்கிறது.

நமது நகரிலும் ஒரு சான்று உண்டு. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கானா, ராப், ராக் கலைஞர்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் அரங்கேறியது. பறையும் சட்டியும் கட்டமோளமும் கிதாருடன் சரிசமமாய் மேடையில் நின்றன. அக்குழுவில் பாடிய வடசென்னைப் பெண் இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நம் பெண்மக்களை இப்பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைச் சிந்திப்பார்களாக. அவர்களுக்குத் தனித் தங்குமிடமும் பொறுப்புள்ள அக்காமாரும் ஏற்பாடு செய்வது நம் கடமை.

சிலர் கேட்பார்கள்: சாவு வீட்டுக் கானா ஆலயத்துக்குள் வரலாமா? துக்கப்படுகிறவர்களோடு விடியுமட்டும் விழித்திருக்கும் பாட்டு சுவிசேஷத்துக்கு அந்நியமானதன்று. கற்றபின் பிள்ளைகள் சினிமாவுக்குப் போய்விடுவார்களே என்பார்கள் சிலர். போகட்டும், வரம் நமக்குச் சொந்தமன்று. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதிசெய்யும் 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திருத்தத்தையும் அவர்களுக்குக் கற்பித்தே அனுப்புவோம். செலவு? வார நாட்களில் பூட்டிக்கிடக்கும் நம் மண்டபங்களையும், பண்டிகைக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பாத்திரங்களையும் எண்ணிப் பாருங்கள்.

ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. 2017 சனவரியில் ‘சென்னை புறம்போக்கு பாடல்’ வெளிவந்தது. எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைக் கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுத, டி.எம். கிருஷ்ணா கருநாடக இராகங்களில் பாடினார். நம் ஆற்றுக்காகப் பாடிய அவர்களுக்கு நாம் நன்றியுடையவர்கள். எனினும் சாம்பல் படிந்த நீரில் இறால் தேடும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் பாடகர் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய மன்றாட்டு அவர்கள் மெட்டிலேயே எழும்ப வேண்டாமா? சங்கீதக்காரன் ஆழங்களிலிருந்து கூப்பிட்டது தன் சொந்தக் குரலில் அல்லவா?

வருகிற மே விடுமுறைக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், பத்து நாள். சபை வேறுபாடு பாராமல் தொடங்குவோம். அரிசி கொடுக்கக்கூடியவர்கள் அரிசி கொடுங்கள்; சமைக்கக்கூடியவர்கள் வந்து சமையுங்கள்; பாயும் மின்விசிறியும் உள்ளவர்கள் அனுப்பிவையுங்கள். முடிவில் ஒரு பாட்டுத்தான் தேறிற்று என்றாலும், அதை அடுத்த ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று பாடுவோம்.

ஜெபம்: புதிய பாட்டைத் தருகிற ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் குரலுக்கு இடங்கொடுக்க எங்கள் கதவுகளையும் கைகளையும் திறந்தருளும். ஆமென்.