"ரிசைன்" என்றால் என்ன? அரியலூர் சொன்ன பதில்!

ஆங்கிலத்தில் "ரிசைன்" என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் அது தெரியும். "வேலையை ரிசைன் பண்ணிவிட்டான்" என்று கிராமத்திலும் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வகிக்கும் பதவியைத் தானே விட்டு விலகுவது. மற்றொன்று, "எல்லாம் தலைவிதி" என்று வாய் திறக்காமல் அடங்கிப் போவது. சொல்லின் பின்னால் "பிரம்" வந்தால் பெரும்பாலும் முதல் பொருள். "டு" வந்தால் இரண்டாவது பொருள்.

முதலாவது, பதவியை விடுவது. அதற்குத் துணிவு வேண்டும். இரண்டாவது, நம்பிக்கையை விடுவது. அதற்குச் சோர்வு போதும்!

சம்மதப் பத்திரம்

தமிழ்நாட்டில் இதை "ராஜினாமா" என்பார்கள். அது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். "ராஜி" என்றால் சம்மதம். கோர்ட்டில் வழக்காடியவர்கள் "ராஜி ஆகிவிட்டார்கள்" என்கிறார்களே, அந்த ராஜிதான் இது. "நாமா" என்றால் பத்திரம். ஆக, ராஜினாமா என்பது சம்மதப் பத்திரம். ஒருவர் மனம் ஒப்பித் தானாக எழுதிக் கொடுப்பது. கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அதற்குப் பெயர் ராஜினாமா அல்ல, டிஸ்மிஸ்!

மருதையாற்றுப் பாலம்

இந்தச் சொல்லின் பொருள் நாடு முழுவதற்கும் விளங்கக் காரணமாக இருந்த ஊர் அரியலூர்.

1956-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அதிகாலை. அப்போது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர்ப் பக்கமாக ஓடி வரும் மருதையாற்றில் பெரு வெள்ளம். அரியலூரை அடுத்த ரெயில் பாலத்தை வெள்ளம் அரித்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பாலத்தைக் கட்டியவர் அவர் அல்ல. ரெயிலை ஓட்டியவரும் அவர் அல்ல. ஆனாலும் பொறுப்பு தன்னுடையது என்றார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் ரெயில் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மீது குற்றம் இல்லை, ஆனால் இது ஒரு நல்ல முன்மாதிரி என்ற கருத்தைப் பாராளுமன்றத்தில் எடுத்துச் சொன்னார்.

விலகியதால் சாஸ்திரியின் பெயர் கெட்டதா? இல்லை. 1964-ல் அவரே பிரதமர் ஆனார்.

விலகினால் போதுமா?

"மந்திரி விலகினால் மாண்டவர் பிழைத்து வருவாரா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரமாட்டார். ராஜினாமா கடிதம் எந்தப் பாலத்தையும் தாங்காது. மழைக்காலத்தில் தண்டவாளம் ஓரமாக இரவில் ரோந்து போகும் தொழிலாளிதான் ரெயிலைக் காக்கிறார். பாலத்தின் தூணில் தீட்டிய அபாயக் கோட்டைத் தண்ணீர் தொடுகிறதா என்று பார்ப்பவர்தான் பிரயாணிகளைக் காக்கிறார்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மேலே இருப்பவர் "பொறுப்பு என்னுடையது" என்று சொல்லாவிட்டால், பழி முழுவதும் அந்த ஏழைத் தொழிலாளியின் தலையில் விழும். அவரைத் தண்டித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். பாலம் பழையபடியே நிற்கும்.

மக்களுக்கும் இதில் கடமை உண்டு. பெரம்பலூர் நகருக்கு ரெயில் பாதை இல்லை. அவ்வூரார் அரியலூருக்கு வந்து ரெயில் ஏறுவதுண்டு. "பாலம் உறுதியாக இருக்கிறதா?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கும் இருக்கிறது. "விதி முடிந்தது, போனார்கள்" என்று பெருமூச்சு விட்டால், அதுவும் ஒரு "ரிசைன்"தான். அது அந்த இரண்டாவது பொருள்!

2007-ம் ஆண்டு அரியலூர் மீண்டும் தனி மாவட்டம் ஆயிற்று. அதுவும் ஒரு நவம்பர் 23-ந் தேதிதான். மாவட்டம் பிறந்த நாளும் விபத்து நடந்த நாளும் ஒன்றே. ஆண்டுதோறும் அந்த நாளில் இரு மாவட்டத்துப் பள்ளிகளிலும் இந்த ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னால் நல்லது.

பதவியில் இருப்பவர்கள் முதல் பொருளை மறக்கக் கூடாது. மக்கள் இரண்டாவது பொருளுக்குப் பழகிவிடக் கூடாது.