உடைப்பை மறைக்கலாகாது

முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழும் கம்பம் பள்ளத்தாக்கில், வாய்க்கால் கரை உடைந்தால் முதலில் கண்டவர் குரல் கொடுப்பார். யாருடைய வயலருகே உடைந்தது என்னும் ஆராய்ச்சி அப்போது எழுவதில்லை. மண்வெட்டியுடன் பலரும் கூடி அடைப்பர். மறைத்தால் இழப்பு அனைவருக்கும் என்பதை அவர்கள் அறிவர். அறுவை மருத்துவத்திற்கும் இந்நெறி பொருந்தும்.

எத்துணைத் திறமையுடன் அறுவை செய்தாலும் குருதிப்பெருக்கு, கிருமித்தொற்று போன்ற சிக்கல்கள் சிலருக்கு நேரலாம். சிக்கல் நேர்வதெல்லாம் பிழையன்று. நேர்ந்ததைக் கணக்கில் கொள்ளாது விடுவதே பெரும்பிழை.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று தேனியிலும் இயங்குகிறது. கண்புரை அறுவைக்குப்பின் கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டால் பார்வையே பறிபோகலாம். எனவே இக்குழுமத்தின் மருத்துவர்கள், 2014 முதல் 2016 வரை 10 மருத்துவமனைகளில் நடைபெற்ற 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்தனர். கண்ணுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தப்படாதோருள் 10,000 பேருக்கு ஏறத்தாழ 7 பேரும், செலுத்தப்பட்டோருள் 2 பேரும் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். ஒவ்வொரு தொற்றும் மறைக்கப்படாமல் ஏட்டில் பதிவானதால்தான் இவ்வுண்மை வெளிப்பட்டது.

வந்த சிக்கலைப் பதிவுசெய்வதுபோல, வருமுன் காப்பதும் கடமையாகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2008ஆம் ஆண்டு 19 கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்குமுன், தோலைக் கீறுமுன், நோயாளி அரங்கைவிட்டு அகலுமுன் என மூன்று நிலைகளில் குழுவினர் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நோயாளியின் பெயர், அறுவை செய்யவேண்டிய இடம், ஒவ்வாமை, கருவிகளின் எண்ணிக்கை ஆகியன அவற்றுட் சில. புதுதில்லி உள்ளிட்ட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதனைச் செயற்படுத்தியபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது.

சிக்கலை வெளிப்படுத்தினால் வழக்கும் பழியும் வருமே எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் கவனக்குறைவு வேறு. கவனத்தையும் மீறி நேரும் சிக்கல் வேறு. முன்னதற்குச் சட்டம் விடை கேட்கட்டும். பின்னதைச் சொன்னவரையும் தண்டித்தால் அடுத்தவர் வாய்திறவார். அதே இடர் அடுத்த நோயாளிக்கும் நேரும். நேர்ந்ததை நோயாளியின் குடும்பத்தினரிடம் மறைக்காமல் கூறுவதே நம்பிக்கையை வளர்க்கும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து காப்பவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். உடனிருப்பவரும் மருத்துவத்தின் ஒரு கூறே எனில், ஐயம் எழும்போது 'சற்றுப் பொறுங்கள்' என்று சொல்லும் உரிமை இளம் செவிலியருக்கும் உண்டு. அக்குரலை மூத்தவர் மதித்தல் வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ அறுவை அரங்கினுள் நுழைவீர்கள். பலர் உறவினராக வெளியே காத்திருப்பீர்கள். உள்ளிருப்போர் உண்மையைச் சொல்லவும் வெளியிருப்போர் அதனைப் பொறுமையுடன் கேட்கவும் பழகுவோமாக. கண்ட உடைப்பைச் சொல்லும் ஊரில்தான் பயிர் பிழைக்கும், உயிரும் அவ்வாறே.